பாவிகளோடு பந்தியிருந்தவர்: வாசகர் கேள்வி பதில்

லூக்கா 15ஆம் அதிகாரத்தைக் குறித்துச் சென்ற இதழில் எழுதிய சிறு குறிப்புக்கு வழக்கத்தைவிட அதிகமான கடிதங்கள் வந்துள்ளன. பலர் கேட்டிருந்த ஒரே கேள்வியை ஒன்றாக்கியும், நீண்ட கடிதங்களைச் சுருக்கியும், எழுதியவர்களின் பெயர்களை நீக்கியும் இங்கே பதிலளிக்கிறேன். மேற்கோள் காட்டும் வசனங்கள் நம் வீடுகளில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பைத் தழுவியவை.

கேள்வி: கிறிஸ்து பாவிகளை ஏற்றுக்கொண்டார் என்று எழுதினீர்கள். "மனந்திரும்பிய பாவிகளை" என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்? மனந்திரும்பாதவரையும் அவர் ஏற்றார் என்றால், பாவத்துக்கு இடங்கொடுத்ததாக ஆகிவிடாதா?

அந்த ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் எனக்கு வந்த கடிதங்களில் பாதி வந்திருக்காது. ஆனால் அதைச் சேர்த்துவிட்டால் அந்த அதிகாரத்தின் தொடக்கத்தில் பரிசேயர், அதாவது நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட யூதப் பிரிவினர், எதற்காக முறுமுறுத்தார்கள் என்பது விளங்காமல் போய்விடும். மனந்திரும்புகிற பாவியைத் தேவன் ஏற்றுக்கொள்கிறார் என்பதை அவர்களில் ஒருவரும் மறுத்ததில்லை. துன்மார்க்கன் சாவதை நான் விரும்புகிறேனோ, அவன் தன் வழிகளை விட்டுத் திரும்பிப் பிழைப்பதை அல்லவோ விரும்புகிறேன் என்று எசேக்கியேல் 18ஆம் அதிகாரத்தில் தேவன் கேட்பதை அவர்கள் நம்மைவிட நன்றாக அறிந்திருந்தார்கள். ஆயக்காரன் ஒருவன் தன் தொழிலை விட்டு, வாங்கியதைத் திருப்பிக் கொடுத்து, காணிக்கையோடு ஆலயத்துக்கு வந்திருந்தால் அவர்களும் மகிழ்ந்திருப்பார்கள். அவர்களுக்கு இடறலாக இருந்தது வேறொன்று. "இவர் பாவிகளை ஏற்றுக்கொண்டு அவர்களோடே சாப்பிடுகிறார்" என்பதே குற்றச்சாட்டு. திருந்தியதற்கு ஓர் அடையாளமும் வெளியே தெரியாத நிலையிலேயே அவர் அவர்களுடைய பந்தியில் அமர்ந்துவிடுகிறார்.

ஆயக்காரர் என்பவர்கள் யார் என்பதையும் சற்று நினைவில் கொள்ள வேண்டும். சுங்கம் வசூலிக்கும் உரிமையைப் பணம் கட்டிப் பெற்று, கட்டியதற்கு மேல் கிடைப்பதைத் தம் ஆதாயமாக வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அன்று பரவலாக இருந்தது. கட்டளையிட்டதற்கு அதிகமாய் ஒன்றும் வாங்காதிருங்கள் என்று யோவான் ஸ்நானகன் அவர்களுக்குச் சொன்னதிலிருந்தே நடைமுறை எப்படியிருந்தது என்று தெரிகிறது. கிறிஸ்துவுக்குத் தன் வீட்டில் விருந்து செய்த கப்பர்நகூமின் ஆயக்காரன் லேவி ரோமருக்காக நேரடியாக வசூலித்தவன் என்று பிரசங்கங்களில் சொல்வதுண்டு. கலிலேயா அப்போது ஏரோது அந்திப்பாவின் ஆட்சியில் இருந்ததால், அவன் உட்கார்ந்திருந்த சுங்கத்துறை அந்திப்பாவின் கருவூலத்துக்கு உரியது. எரிகோவின் சகேயுவே ரோமத் தேசாதிபதியின் ஆளுகைக்குட்பட்ட பகுதியில் இருந்தவன், அதிலும் ஆயக்காரருக்குத் தலைவன். எங்கே வசூலித்தாலும் வெறுப்பு ஒன்றுதான். ஆயக்காரர் நுழைந்த வீடு தீட்டுப்பட்டது என்ற விதி, கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூதச் சட்டத் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது.

இப்போது சகேயுவின் கதையில் எது முந்தியது, எது பிந்தியது என்று பாருங்கள். "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்று கிறிஸ்து சொன்னபோது அவன் அவரைக் காண ஏறிய காட்டத்திமரத்தின் மேல்தான் இன்னும் இருக்கிறான். பாவ அறிக்கையோ வாக்குறுதியோ எதுவும் அவன் வாயிலிருந்து அதுவரை வரவில்லை. பாதி ஆஸ்தியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்புவதாகவும் அவன் சொல்வது அதற்குப் பிறகு. தானாக அறிக்கையிடுகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுத்தால் போதும் என்பது லேவியராகமத்தின் விதி. களவாடிய ஆட்டைக் கொன்றவனுக்கோ விற்றவனுக்கோ விதிக்கப்பட்ட நாலு மடங்கைச் சகேயு தானே தனக்கு விதித்துக்கொள்கிறான். முதலில் திருந்து, பிறகு வருகிறேன் என்று சொல்லியிருந்தால் அவன் ஐந்தில் ஒரு பங்கையாவது கொடுத்திருப்பானா என்பது எனக்குச் சந்தேகமே. பாவிகளையே மனந்திரும்புகிறதற்கு அழைக்கவந்தேன் என்று லேவியின் வீட்டில் அவர் சொன்னதும் உண்மைதான். ஆனால் அந்த அழைப்பு கொடுக்கப்பட்ட இடம் பந்தி. பந்திக்கு வெளியே நிறுத்திவைத்து அவர் அதைக் கொடுக்கவில்லை.

உங்கள் சந்தேகம் புதியதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செல்சு என்ற கிரேக்க அறிஞர், மற்ற சமயங்கள் கைகள் சுத்தமானவர்களை அழைக்க, இந்தக் கிறிஸ்தவர்களோ பாவிகளையும் மூடரையும் அழைக்கிறார்கள் என்று ஏளனம் செய்தார். ஏறக்குறைய 70 ஆண்டுகள் கழித்து ஓரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர் அதற்கு எழுதிய மறுப்பில், நோயாளியைக் குணமடைய அழைப்பது ஒன்று, குணமடைந்தவனை இரகசியங்களை அறிய அழைப்பது வேறொன்று, நாங்கள் இரண்டையும் செய்கிறோம் என்றார். ஏளனத்தை மறுக்காமல் ஒப்புக்கொண்டு பதில் சொன்னதுதான் அந்த மறுப்பில் எனக்குப் பிடித்த இடம்.

கேள்வி: விபசாரத்தில் பிடிபட்ட ஸ்திரீயின் சம்பவம் (யோவான் 8) புதிய மொழிபெயர்ப்பு ஒன்றில் அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. அது வேதத்தின் பகுதி இல்லையா?

அடைப்புக்குறி போட்டவர்கள் நேர்மையாகவே போட்டிருக்கிறார்கள். யோவான் 7:53 முதல் 8:11 வரையுள்ள பகுதி, நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில், அதாவது நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய், வத்திக்கான் பிரதிகளிலும் அவற்றுக்கும் முந்திய பாப்பிரஸ் ஏடுகளிலும், இல்லை. சில பிரதிகளில் அது லூக்கா 21ஆம் அதிகாரத்தின் முடிவில் வருகிறது. எனவே யோவான் எழுதிய சுவிசேஷத்தில் அது ஆதியில் இந்த இடத்தில் இல்லை என்பதே பெரும்பாலான ஆய்வாளரின் முடிவு. அதை மறைத்துப் பேசுவதில் விசுவாசத்துக்கு ஒரு லாபமும் இல்லை.

ஆனால் பிற்காலத்தில் யாரோ புனைந்த கதை என்றும் முடிவுகட்ட முடியாது. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த சபை ஒழுங்கு நூல் ஒன்று, மனந்திரும்பி வருகிறவர்களைக் கடுமையாக நடத்தும் ஆயர்களைக் கண்டிக்கும்போது, மூப்பர்கள் கொண்டுவந்து நிறுத்திய ஒரு பெண்ணை ஆண்டவர் ஆக்கினைக்குட்படுத்தாமல் அனுப்பினார் என்று எடுத்துக்காட்டுகிறது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகுஸ்தீனார் சொன்ன காரணம் இன்னும் சுவையானது: தங்கள் மனைவியர் பாவஞ்செய்யத் துணிந்துவிடுவார்களோ என்று அஞ்சிய ஆண்கள் சிலர் இதைத் தங்கள் பிரதிகளிலிருந்து நீக்கியிருப்பார்கள் என்று அவர் நினைத்தார். அது சரியான விளக்கமா என்பது வேறு விஷயம். இந்தக் கதையைக் கேட்டு அஞ்சியவர்கள் யார் என்பதை அவர் கண்டுகொண்டார்.

கதைக்குள்ளேயே ஒரு குறை இருக்கிறது, கவனித்தீர்களா? நியாயப்பிரமாணம் இருவரையும் கொலைசெய்யச் சொல்கிறது. கையும் களவுமாகப் பிடித்தோம் என்கிறவர்கள் பெண்ணை மட்டும் கொண்டுவருகிறார்கள். பிரமாணத்தைக் காக்க வந்தவர்கள் அதில் பாதியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

கேள்வி: மகதலேனா மரியாள் வேசியாக இருந்தவரா?

இல்லை. அப்படி எந்தச் சுவிசேஷமும் சொல்லவில்லை. அவரைவிட்டு ஏழு பிசாசுகள் நீங்கின என்றும், அவர் தம் ஆஸ்தியால் ஊழியஞ்செய்த பெண்களில் ஒருவர் என்றும் லூக்கா 8ஆம் அதிகாரம் சொல்கிறது. அதற்கு முந்திய அதிகாரத்தில் வரும் பெயரில்லாத பாவியான ஸ்திரீயையும் இவரையும் ஒன்றாக்கி ரோமாபுரியின் பேராயர் முதலாம் கிரகோரியார் 591இல் ஆற்றிய பிரசங்கமே மேற்கில் அந்தக் கருத்தை நிலைநாட்டியது. கீழ்த்திசைச் சபைகள் அதை ஏற்கவில்லை. ரோமச் சபையும் 1969இல் தன் திருநாள் அட்டவணையைத் திருத்தியபோது கைவிட்டது.

கிணற்றருகே கிறிஸ்து சந்தித்த சமாரிய ஸ்திரீயையும் (யோவான் 4) இதே வரிசையில் சேர்க்கிறோம். ஐந்து புருஷர் இருந்தார்கள் என்பதுதான் வசனம். அவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேர் அவளைத் தள்ளிவிட்டார்கள் என்று அங்கே இல்லை. நானும் பல ஆண்டுகள் அவளை ஒழுக்கங்கெட்டவளாகவே பிரசங்கித்தேன், அதற்காக இப்போது வருந்துகிறேன். கிறிஸ்து அவளுடைய வாழ்க்கையை அறிந்து சொன்னார், ஆனால் ஒரு கண்டனச் சொல்லும் சொல்லாமல் தேவனை எங்கே, எப்படித் தொழுவது என்று அவளோடு பேசிக்கொண்டிருந்தார். மீதியை நாங்கள் மேடையில் நின்று சேர்த்தோம்.

கேள்வி: குஷ்டரோகியைக் கிறிஸ்து தொட்டார் என்பதை ஏன் அவ்வளவு பெரிதாகச் சொல்கிறார்கள்? தொடாமலே குணமாக்கியிருக்கலாமே?

தொடாமலே குணமாக்கவும் அவரால் முடிந்தது. லூக்கா 17ஆம் அதிகாரத்தில் பத்துப் பேரை ஒரு வார்த்தையால் அனுப்பினார். அதனால்தான் மாற்கு முதலாம் அதிகாரத்தில் அவர் கைநீட்டித் தொட்டது குணமாக்குவதற்குத் தேவைப்பட்ட செயல் அல்ல என்று தெரிகிறது.

லேவியராகமம் 13ஆம் அதிகாரம் குஷ்டம் என்று சொல்வது இன்று மருத்துவர்கள் தொழுநோய் என்று அழைக்கும் ஒரே நோயை அல்ல. தோலில் வரும் பலவகைப் படைகளையும் வெடிப்புகளையும், ஏன், ஆடையிலும் வீட்டுச் சுவரிலும் தோன்றும் பூசணத்தையும் அந்தச் சொல் குறித்தது. அந்த நோயாளி தன் வஸ்திரத்தைக் கிழித்து, தலையை மூடாமல், தாடியை மூடிக்கொண்டு, "தீட்டு, தீட்டு" என்று சத்தமிட்டுக்கொண்டே பாளயத்துக்குப் புறம்பே தனியே குடியிருக்க வேண்டும். தன்னைப் பற்றித் தானே அப்படிக் கூவிக்கொண்டு நடப்பது எத்தனை நாள் தொடர்ந்தால் ஒருவன் அதை உண்மை என்று நம்பிவிடுவான் என்று யோசித்துப் பார்க்கிறேன். மாற்கு சொல்லும் குஷ்டரோகியிடம் "உம்மால் முடியுமா" என்ற கேள்வி இல்லை. "உமக்குச் சித்தமானால்" என்றுதான் கேட்கிறான். வல்லமையைக் குறித்து அவனுக்கு ஐயமில்லை, தன்னைப் போன்றவனை விரும்புவாரா என்பதே ஐயம். அந்த ஐயத்துக்கு வார்த்தையால் மட்டும் பதில் சொல்லியிருந்தால் போதாது. முதலில் கை, பிறகே "எனக்குச் சித்தமுண்டு" என்ற சொல், அதன் பிறகே குஷ்டம் நீங்குகிறது.

அந்தச் சம்பவத்தின் கடைசி வரியை வேகமாக வாசித்துவிட்டுப் போகாதீர்கள். குணமானவன் ஊரெங்கும் சொல்லித் திரிந்ததால் இயேசு வெளியரங்கமாய்ப் பட்டணத்தில் பிரவேசிக்கக் கூடாமல் வெளியே வனாந்தரமான இடங்களில் தங்கினார் என்று மாற்கு முடிக்கிறார். வெளியே இருந்தவன் உள்ளே போய்விட்டான், உள்ளே இருந்தவர் வெளியே நிற்கிறார். அவர் நகர வாசலுக்குப் புறம்பே பாடுபட்டார் என்று எபிரெயர் 13ஆம் அதிகாரம் பின்னாளில் சொல்வதற்கு மாற்கு இங்கேயே முதல் கோட்டைப் போட்டுவைத்திருக்கிறார் என்பது என் வாசிப்பு.

கேள்வி: பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த ஒரு காரியத்தால் ஒரு குடும்பம் பிரிந்தது. விவரம் எழுத விரும்பவில்லை. ஆராதனைக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து, திருவிருந்துக்கு முன் எழுந்து வந்துவிடுகிறேன். அபாத்திரமாய் (தகுதியில்லாமல்) புசிக்கக் கூடாது என்ற பயம். சிலர் என்னைப் பார்த்து இன்னும் பேசிக்கொள்கிறார்கள். என்னைப் போன்றவளுக்கு அங்கே இடம் உண்டா?

சகோதரி, உங்கள் பயத்துக்குக் காரணமான அந்த வசனத்திலிருந்தே தொடங்குகிறேன். "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்" என்று பவுல் எழுதுகிறார் (1 கொரிந்தியர் 11:28). சோதித்தறிந்து எழுந்து போகக்கடவன் என்று எழுதவில்லை. மேலும் அந்த அதிகாரத்தில் அபாத்திரமாய்ப் புசித்தவர்கள் என்று அவர் கண்டிப்பது, பழைய பாவத்தை நினைத்து அழுதுகொண்டு கடைசியில் உட்கார்ந்தவர்களை அல்ல. இல்லாதவர்கள் பசியாயிருக்க, தாங்கள் முந்திச் சாப்பிட்டு வெறித்திருந்தவர்களை. பக்கத்திலிருப்பவரை வெட்கப்படுத்தினவர்களைக் குறித்த எச்சரிக்கையை, வெட்கப்பட்டு நிற்கிறவர்களுக்கு எதிராக நாம் திருப்பிவிட்டோம்.

சீமோன் என்னும் பரிசேயனுடைய வீட்டுக்குள் வந்த பெயரில்லாத பெண்ணைப் பற்றி மகதலேனா மரியாளைக் குறித்த பதிலில் குறிப்பிட்டேன். அவளைப் பற்றிச் சீமோன் மனதுக்குள் பேசிக்கொண்டான், வாயைத் திறந்து சொல்லவும் இல்லை. கிறிஸ்து ஐந்நூறு வெள்ளிக்காசும் ஐம்பது வெள்ளிக்காசும் கடன்பட்ட இருவரின் உவமையைச் சொன்னார். வெள்ளிக்காசு ஒன்று ஏறத்தாழ ஒரு நாள் கூலி. ஒருவனுக்கு ஒன்றரை ஆண்டுக் கூலிக்கு மேல், மற்றவனுக்கு இரண்டு மாதக் கூலிக்குக் குறைவு. கடன்கள் ஒன்றல்ல, ஆனால் திருப்பிக் கொடுக்க இருவரிடமும் ஒன்றும் இல்லை. பிறகு அவர் அந்தப் பெண்ணின் பக்கமாகத் திரும்பி, சீமோனைப் பார்த்து, "இந்த ஸ்திரீயைப் பார்க்கிறாயே" என்றார். சீமோன் அதுவரை அவளுடைய பெயர் கெட்டதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான். உங்களைப் பற்றிப் பேசுகிறவர்களும் அவ்வளவுதான் பார்த்திருக்கிறார்கள்.

பேதுருவையும் நினைத்துக்கொள்ளுங்கள். கரிநெருப்பின் அருகே குளிர்காய்ந்துகொண்டு கிறிஸ்துவை அறியேன் என்று மூன்று தரம் மறுதலித்தவனுக்கு, திபேரியா கடற்கரையில் கிறிஸ்து மறுபடியும் ஒரு கரிநெருப்பைப் போட்டு, அதன்மேல் மீனை வைத்துக் காத்திருந்தார். புதிய ஏற்பாட்டில் கரிநெருப்பைக் குறிக்கும் அந்தக் கிரேக்கச் சொல் இந்த இரண்டு இடங்களில் மட்டுமே வருகிறது. அங்கே கேள்விக்கு முந்தி வந்த அழைப்பு "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்பது. சாப்பிட்டு முடித்த பிறகுதான் "என்னை நேசிக்கிறாயா" என்று மூன்று தரம் கேட்டார். கேள்வி எளிதாக இருக்கவில்லை. பேதுரு துக்கப்பட்டான் என்று எழுதியிருக்கிறது. ஆனாலும் அது பசியோடு நிற்கவைத்துக் கேட்ட கேள்வி அல்ல.

சபை இதைத் தாமதமாகவேனும் புரிந்துகொண்டது. 250ஆம் ஆண்டு தேசியு பேரரசன் காலத்து உபத்திரவத்தில் பயந்து சிலைகளுக்குப் பலியிட்டவர்கள் பிறகு அழுதுகொண்டு திரும்பினபோது, அவர்களைச் சேர்க்கவே கூடாது என்று ரோமாபுரிச் சபையின் மூப்பர் நொவாத்தியன் பிரிந்துபோனார். கார்த்தேஜின் ஆயர் சிப்ரியான் உள்ளிட்டோர் தவம் செய்ய ஒரு காலம் விதித்தேனும் சேர்க்க வேண்டும் என்றார்கள். 325இல் கூடிய நிசேயா சங்கம், மரணத்தறுவாயில் இருப்பவர் யாராயினும் திருவிருந்து மறுக்கப்படக் கூடாது என்று விதித்தது. அவர்கள் விதித்த தவ ஆண்டுகள் நமக்குக் கடுமையாகத் தோன்றலாம், ஆனால் கதவை நிரந்தரமாக அடைக்க அவர்கள் சம்மதிக்கவில்லை.

பாதிக்கப்பட்ட குடும்பத்தை நான் மறந்துவிடவில்லை. மன்னிப்புக் கேட்கவோ ஈடுசெய்யவோ வழி இருந்தால், நீங்கள் நம்பும் ஒரு மூத்த விசுவாசியிடமோ போதகரிடமோ பேசிச் செய்யுங்கள். அவர்கள் உங்களைச் சந்திக்க விரும்பாவிட்டால் அந்த விருப்பத்தை மதியுங்கள். ஆனால் அது முடியும்வரை பந்திக்கு வெளியே காத்திருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை" என்று சொன்னவர், வருகிறவனுக்கு வேறு எந்த அடைமொழியும் சேர்க்கவில்லை.

கேள்வி: முப்பது ஆண்டுகளாகச் சபையில் உழைத்தவன் நான். அண்மையில் சிறையிலிருந்து விடுதலையாகி வந்த ஒருவருக்குப் பெரிய வரவேற்புக் கொடுத்து, சாட்சி சொல்ல மேடையும் கொடுத்தார்கள். பெண்கள் விஷயத்திலும் அவர் மோசமானவர் என்று கேள்வி. ஒழுங்காக வாழ்ந்தவர்களுக்கு இப்படி ஒரு நாளும் யாரும் செய்ததில்லை. இது நியாயமா?

உங்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது என்று முதலில் ஒப்புக்கொள்கிறேன். வந்த வாரத்திலேயே ஒருவரை மேடையில் ஏற்றுவது அவருக்கே நல்லதல்ல. ஏற்றுக்கொள்வது வேறு, பொறுப்பைக் கையில் கொடுப்பது வேறு. பந்தியில் இடம் உடனே கிடைக்க வேண்டும், பொறுப்புக்கோ காலமும் கண்காணிப்பும் வேண்டும். இதைச் சபை மூப்பரிடம் நீங்கள் தாராளமாகச் சொல்லலாம்.

ஆனால் உங்கள் கடிதத்தை வாசித்தபோது, லூக்கா 15இன் கெட்ட குமாரன் உவமையில், ஆஸ்தியை அழித்துத் திரும்பிய தம்பிக்கு விருந்து நடக்கையில் வயலிலிருந்து வந்த மூத்த குமாரனின் குரல் கேட்டது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு உண்மையாயிருக்க மாட்டேன். "ஒரு ஆட்டுக்குட்டியையாவது கொடுக்கவில்லை" என்று அவனும் கேட்டான். அவனைத் தகப்பன் கடிந்துகொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். இளையவனைக் கண்டு ஓடிய அதே தகப்பன், இவனுக்காகவும் விருந்தை விட்டு எழுந்து வெளியே வந்து வருந்தி அழைக்கிறார். "மகனே, எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது" என்கிறார். சொத்து ஏற்கெனவே இருவருக்கும் பங்கிடப்பட்டுவிட்டதால் அது வெறும் ஆறுதல் வார்த்தையும் அல்ல. தொழுவத்தில் இருந்த ஆடுகள் எல்லாம் அவனுக்குச் சேர வேண்டியவை. முப்பது ஆண்டுகள் அந்த வீட்டில் இருந்த உங்களுக்கு யாரும் கைதட்டவில்லை என்பது மெய்யாயிருக்கலாம். ஒன்றும் கிடைக்கவில்லை என்பது மெய்யா?

இன்னொன்று. இளையவன் தூரதேசத்தில் "துன்மார்க்கமாய் ஜீவனம்பண்ணி" ஆஸ்தியை அழித்தான் என்று மட்டுமே கதை சொல்கிறது. வேசிகள் கதையில் எங்கும் வருவதில்லை. அவர்கள் முதன்முதலாக நுழைவது மூத்தவனுடைய வாயில்: "வேசிகளிடத்தில் உம்முடைய ஆஸ்தியை அழித்துப்போட்ட உம்முடைய குமாரனாகிய இவன்." அவன் தூரதேசத்துக்குப் போனவனும் அல்ல, தம்பியிடம் ஒரு வார்த்தை பேசியவனும் அல்ல. என் தம்பி என்றும் அவன் சொல்லவில்லை, "உம்முடைய குமாரன்" என்கிறான். தகப்பன்தான் "உன் சகோதரனாகிய இவனோ" என்று அந்தச் சொல்லைத் திருத்திக் கொடுக்கிறார்.

உங்கள் கடிதத்திலும் "கேள்வி" என்றுதான் இருக்கிறது. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அந்தச் சகோதரரிடம் நீங்களே போய்ச் சற்று நேரம் உட்கார்ந்து பேசுங்கள். அதற்குப் பிறகும் எழுத வேண்டியது மீதியிருந்தால் எனக்கு எழுதுங்கள், இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.